ஒற்றை ஊசியா, ஐந்து ஊசியா? கதிரவெளி வேடரின் வில் பற்றிச் சில குறிப்புகள்

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் வசிக்கும் என் மருமகன் சென்ற புரட்டாதி மாதத்தில் ஒருநாள் பின்னிரவில் தொலைபேசியில் அழைத்தான். அகால வேளையில் மணி அடித்தால் நெஞ்சு திடுக்கிடுவது எம்மவர்க்குப் பழகிப்போன ஒன்று. அவன் கேட்டதோ நான் சற்றும் எதிர்பாராத ஒரு கேள்வி.

"மாமா, வில்லுக்குக் குறிகாட்டி ஒண்டு வாங்கப் போறன். ஒத்த ஊசி வச்சத வாங்கிறதா, அஞ்சு ஊசி வச்சத வாங்கிறதா? செல்லுங்க பாப்பம்."

முப்பது ஆண்டுகளாகப் பேனாவைத் தவிர வேறெந்த ஆயுதத்தையும் கையிலெடுத்தறியாத என்னிடம் இதைக் கேட்பதேன் என்று வினவினேன்.

"நீங்கதானே வேடரப் பத்தி எழுதின ஆள். மறுகா ஆரக் கேக்கிற?"

அவன் கதிரவெளியிற் பிறந்தவன். என் தமக்கை அங்கேதான் வாழ்க்கைப்பட்டிருந்தார். 2006ஆம் ஆண்டு அந்த ஊர் இடம்பெயர்ந்தபோது அவனுக்கு ஒன்பது வயது. இப்போது உரிய பயிற்சியும் அனுமதிப்பத்திரமும் பெற்று, வெண்வால் மான் வேட்டைப் பருவத்திலே வில்லோடு காட்டுக்குச் செல்கிறானாம். அவனுக்கு அன்றிரவு உருப்படியான மறுமொழி எதனையும் என்னாற் சொல்ல முடியவில்லை. பிறகு சில வாரங்கள் பழைய குறிப்பேடுகளையும் நூல்களையும் புரட்டிக்கொண்டிருந்தேன். அதன் விளைவே இக்கட்டுரை.

குறிகாட்டி என்பது என்ன என்று அறியாத வாசகர்களுக்காக ஒரு சிறு விளக்கம் தேவை. இன்று அமெரிக்காவிலும் கனடாவிலும் வேட்டைக்காரர் கையாள்வது பெரும்பாலும் 'கொம்பவுண்ட்' வில். இரு முனைகளிலும் கப்பி பூட்டப்பட்டது. மிசூரி மாநிலத்தைச் சேர்ந்த ஹொலஸ் வில்பர் அலன் என்பவர் 1966இல் விண்ணப்பித்து 1969இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். நாணை முழுதாக இழுத்த பின்னர் கைக்கு வரும் பாரம் வெகுவாகக் குறைந்துவிடும் என்பதே இதன் சிறப்பு. எனவே இழுத்த நாணோடு சற்று நேரம் நின்று குறிபார்க்கலாம். நின்று குறிபார்க்க முடியும் என்றானதும், குறிபார்ப்பதற்கொரு கருவியும் இன்றியமையாததாயிற்று. வில்லின் பிடிக்கு மேலே ஒரு வளையம், அதனுள் நீட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய ஊசி, ஊசி முனையில் ஒளிரும் ஒரு புள்ளி. அப்புள்ளியை மானின் மார்பிலே பொருத்தி நாணை விடவேண்டும்.

சிக்கல் என்னவென்றால் அம்பு நேர்கோட்டிற் செல்வதில்லை. வில்லை விட்ட கணத்திலிருந்தே அது நிலத்தை நோக்கி விழத் தொடங்குகிறது. தூரம் இருமடங்கானால் வீழ்ச்சி நான்கு மடங்கு. ஆகவே 20 யார் தூரத்துக்குப் பொருத்திய ஊசி 40 யார் தூரத்துக்கு உதவாது. (ஒரு யார் என்பது ஒரு மீற்றரிலும் சற்றுக் குறைவு.) இதற்கு வழி இரண்டு. ஒன்று, 20, 30, 40, 50, 60 என்று தூரத்துக்கொன்றாக ஐந்து ஊசிகளை மேலிருந்து கீழாக அடுக்கி வைப்பது. மற்றது, ஒரே ஊசியை வைத்துக்கொண்டு, தூரத்துக்கேற்ப அதனைச் சில்லொன்றினால் ஏற்றி இறக்குவது. ஐந்து ஊசிக்காரனுக்கு எதனையும் திருகவேண்டிய தேவை இல்லை. மான் நகர்ந்தால் அடுத்த ஊசிக்கு மாறிவிடலாம். ஆனால் ஐந்து புள்ளிகள் கண்முன்னே மினுங்கும்; பரபரப்பிலே பிழையான புள்ளியைப் பொருத்திவிடுவோர் அநேகர். ஒற்றை ஊசிக்காரனுக்குப் பார்வை தெளிவு. மான் பத்து யார் நகர்ந்துவிட்டாலோ கையை அசைத்துச் சில்லைத் திருகவேண்டும். கையசைவைக் கண்ட மான் அங்கே நிற்குமா?

இரு சாராரும் தத்தம் பக்கத்தை விட்டுக்கொடுக்காமல் வாதிடுகிறார்கள். ஆனால் ஊன்றிப் பார்த்தால் இரு கருவிகளும் விடை தேட முயல்வது ஒரே கேள்விக்குத்தான். மான் எவ்வளவு தூரத்தில் நிற்கிறது? இந்த ஒரு கேள்வி இல்லாவிட்டால் ஊசியே வேண்டியதில்லை. ஒலிம்பிக் வில்வித்தையில் இலக்கு 70 மீற்றரில் என்று முன்கூட்டியே தெரியும்; ஒரேயொரு குறிகாட்டிப் புள்ளியே போதும். 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் தலைசிறந்த வில்லாளரான ஹொரஸ் ஃபோர்ட் 100, 80, 60 யார் என்று வகுக்கப்பட்ட தூரங்களிலேயே எய்தார். அம்பின் முனையை இலக்கிலே வைக்காமல் இன்ன தூரத்துக்கு இன்ன இடம் என்று வேறொரு புள்ளியிலே வைத்துக் குறிபார்க்கும் முறையை அவர் கையாண்டார். 1857இல் இரட்டை 'யோர்க்' சுற்றிலே 1251 புள்ளிகள் பெற்றார். மைதானத்திலே தூரம் நிச்சயம். காட்டிலே அது நிச்சயமில்லை. மைதானத்து வில்லும் காட்டு வில்லும் இங்கேதான் பிரிகின்றன. இந்த வேறுபாட்டை மறந்தமையால் எங்கள் கிழக்குக்கரை வேடருக்கும் அவர்தம் உள்நாட்டு உறவினருக்கும் ஒரு அவப்பெயர் சூட்டப்பட்டது. அதனைப் பற்றிச் சொல்லவே இவ்வளவும் சொன்னேன்.

மட்டக்களப்பு நகரிலிருந்து திருகோணமலை வீதியிலே வடக்கு நோக்கிப் புறப்பட்டு, வாழைச்சேனை ஓட்டமாவடிப் பக்கத்தைத் தாண்டி, பனிச்சங்கேணிப் பாலத்தையும் வாகரையையும் கடந்தால் வருவது கதிரவெளி. அதற்கப்பால் வெருகலாறு, மாவட்டத்தின் எல்லை அதுவே. கிழக்கே கடல், மேற்கே காடு, இடையிடையே களப்பும் வயலும் சேனையும். பெருங்கற்கால ஈமச் சின்னங்கள் அறியப்பட்ட இலங்கையின் இடங்களுள் இவ்வூரும் ஒன்றாகையால், மனிதர் இங்கே நெடுங்காலம் வாழ்ந்து வருகின்றனர் என்பதில் ஐயமில்லை. கதிரவெளி, பால்சேனை, குஞ்சன்குளம், மதுரங்கேணிக்குளம் முதலிய ஊர்களிலும் வெருகலுக்கு வடக்கே மூதூர்ப் பக்கத்திலும் வேடர் மரபினர் இன்றும் வாழ்கின்றனர். அவர்கள் பேசுவது தமிழ். வழிபடுவது முருகனையும் குமார தெய்வத்தையும் தம் மூதாதையரையும். வேடர் என்றதும் தம்பானையையும் சிங்களம் பேசுவோரையுமே நினைப்பவர்களுக்கு இது புதுச்செய்தியாக இருக்கலாம்.

வெருகலாற்றுக்கு வடக்கே உள்ள கொட்டியாரக்குடாவிலேதான் 1660ஆம் ஆண்டு றொபேட் நொக்ஸ் கண்டி மன்னனின் ஆட்களிடம் சிறைப்பட்டான். புயலிலே பாய்மரம் முறிந்த 'ஆன்' என்ற கப்பலைப் பழுதுபார்க்க வந்த இடத்திலே, தந்தையோடும் தோழரோடும் அகப்பட்டவன் தப்பியோடியது 1679இல். 1681இல் இலண்டனில் வெளியான அவனது நூலிலே வேடரைப் பற்றிய பகுதி ஒன்று உண்டு. அதிலே என்னை மிகவும் கவர்ந்தது அம்புக்கும் கொல்லனுக்கும் உள்ள தொடர்பு. காட்டு வேடருக்கு அம்பு தேவைப்படும்போது இரவிலே இறைச்சியைச் சுமந்து வந்து கொல்லனின் பட்டறையிலே தொங்கவிட்டுச் செல்வார்களாம். அதனோடு ஓர் இலையையும், தாம் விரும்பும் அம்புத்தலையின் வடிவத்திலே வெட்டி வைப்பார்களாம். கொல்லன் அதன்படி செய்து வைத்தால் மீண்டும் இறைச்சி வரும். செய்யாவிட்டால் இரவிலே அவன்மீது அம்பு வரும்!

இந்த இலையைப் பற்றி நான் அடிக்கடி நினைப்பதுண்டு. அம்புத்தலை எவ்வளவு அகலம், எவ்வளவு நீளம் என்பதில் அத்தனை கண்டிப்பு. உடும்புக்கு ஒன்று, மரைக்கு வேறொன்று. கேம்பிரிட்ஜிலே 1911இல் வெளியான செலிக்மன் தம்பதியரின் 'வேடர்' என்ற பெருநூலிலும் அம்புத்தலைகளின் பல்வகை அளவுகள் பேசப்படுகின்றன. மிக நீண்ட அலகு கொண்டவை சடங்குக்கும் உரியவை. 'அவுதே' என்பது அவற்றின் பெயர். வில் ஏறத்தாழ ஆளுயரம். அம்பிலே இறகு கட்டப்பட்டிருக்கும். ஆனால் வில்லிலே குறிபார்ப்பதற்கென்று ஒரு வெட்டோ, கோடோ, முடிச்சோ இல்லை. அலகைப் பற்றி அவ்வளவு கவலைப்பட்டவர்கள் குறியைப் பற்றிக் கவலைப்படாமல் இருந்தது எப்படி?

19ஆம் நூற்றாண்டிலே காட்டுக்குச் சென்று வேடரைக் கண்ட ஆங்கிலேய அதிகாரிகளும் பயணிகளும் இதற்கொரு விடையை எழுதி வைத்தனர். அழைத்து நிறுத்தி, ஏதேனும் ஒரு பொருளை இலக்காக வைத்து, எய்யச் சொன்னார்கள். அம்புகள் தவறின. வேடர் வில்லிலே பெரிய வல்லவர்களல்லர் என்ற முடிவு பிறந்தது. அதே எழுத்தாளர்கள் சிலர் அதே மூச்சிலே, வேடன் ஓசையின்றி விலங்கை அணுகும் திறமையைக் கண்டு வியந்தும் எழுதியிருக்கின்றனர். இரண்டையும் எழுதியவர்கள் இரண்டுக்கும் உள்ள தொடர்பை மட்டும் எழுதவில்லை. பழங்குடி என்றால் எய்த அம்பெல்லாம் தைக்கவேண்டும் என்று எதிர்பார்த்து வந்தவர்களுக்கு, அது நடவாதபோது ஏமாற்றமும் ஏளனமும் வந்தன என்றே கொள்கிறேன்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். பள்ளிக்கூடத்துப் பௌதிகமே போதும். காற்றின் தடையை விட்டுவிடலாம். மரவில்லிலிருந்து அம்பு செக்கனுக்கு 45 மீற்றர் வேகத்திற் செல்வதாக வைத்துக்கொள்ளுங்கள். 10 மீற்றர் போவதற்குள் அது 24 சென்ரிமீற்றர் விழுகிறது. 20 மீற்றரில் 97 சென்ரிமீற்றர். 30 மீற்றரில் 2 மீற்றருக்கும் மேல். இனித் தூரத்தைப் பிழையாக மதிப்பிட்டால் என்னவாகும் என்று பாருங்கள். 25 மீற்றரில் நிற்கும் மானை 20 மீற்றர் என்று எண்ணி எய்தால் அம்பு 30 சென்ரிமீற்றர் கீழே போகும். மார்புக்குப் பதிலாகக் கால், அல்லது வெறும் புல். ஆனால் 12 மீற்றரில் நிற்பதை 10 என்று எண்ணினாலோ பிழை வெறும் 6 சென்ரிமீற்றர்தான். மானின் இதயமும் நுரையீரலும் அமைந்த பகுதி ஏறத்தாழ 20 சென்ரிமீற்றர் விட்டமுடையது. எனவே அம்பு அதற்குள்ளேயே தைக்கும். பத்துப் பன்னிரண்டு மீற்றருக்குள் சென்றுவிட்டவனுக்குத் தூரம் என்ற கேள்வியே அழிந்துபோகிறது. ஊசி எதற்கு?

வேடன் வில்லிலே வைக்காத குறிகாட்டியைக் காலிலே வைத்திருந்தான் என்று சொல்லத் தோன்றுகிறது. காற்று எப்பக்கமிருந்து வீசுகிறது, சருகு காய்ந்திருக்கிறதா நனைந்திருக்கிறதா, மான் தலையைக் குனிந்திருக்கிறதா நிமிர்ந்திருக்கிறதா என்பனவே அவனுக்குரிய அளவைகள். கண்டே யக்கா என்ற வேட்டை மூதாதையின் ஆவியை அழைத்து உள்நாட்டு வேடர் ஆடும் ஆட்டத்திலே, மரையின் தடத்தைப் பார்த்துப் பார்த்துப் பின்தொடர்வதும் நடித்துக் காட்டப்படுவதாகச் செலிக்மன் எழுதுகிறார். அம்பெய்வது ஒரு கணம். அதற்கு முந்திய நடையே வேட்டை.

செலிக்மனின் நூல் வெளிவந்த அதே 1911ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில், உலகின் மறுபக்கத்திலே, கலிபோர்ணியாவின் ஒரோவில் என்ற ஊரிலே ஒரு மனிதன் காட்டிலிருந்து வெளிப்பட்டான். அவன் இனமான யாஹி மக்களில் எஞ்சியிருந்தவன் அவன் ஒருவனே. பல்கலைக்கழக அருங்காட்சியகத்திலே தங்கவைக்கப்பட்ட அவனை 'இஷி' என்று அழைத்தார்கள். அவனது மொழியிலே மனிதன் என்று பொருள். அங்கே அவனுக்கு மருத்துவராக இருந்த சக்ஸ்டன் போப் அவனிடமிருந்து வில்வித்தை கற்றார். இஷி 1916இல் காசநோயினால் இறந்தான். போப் 1923இல் வில் வேட்டை பற்றி எழுதிய நூலே இன்றைய அமெரிக்க வில் வேட்டைக்கு மூலநூல் எனலாம். அந்தப் போப்பும் இதே புதிரைக் கண்டார். தொலைவிலுள்ள இலக்குப் பலகையில் எய்யும்போது இஷி சாதாரணன். வெள்ளைக்காரப் பயிற்சியாளர்கள் அவனை எளிதில் வென்றார்கள். காட்டிலே, அருகிலே, சிறு விலங்கின் மீது எய்யும்போது அவன் குறி தவறவில்லை. போப் அவனோடு காட்டிற் பல நாள் நடந்தவர். ஆதலால் எதை அளக்கவேண்டுமோ அதை அளந்தார். நம் வேடரோடு அவ்வாறு நடந்தவர்கள் மிகச் சிலர்.

இங்கே ஒரு தடையைச் சிலர் எழுப்பக்கூடும். பழங்குடி வில்லாளனுக்குக் குறிகாட்டியைக் கொடுத்தால் பயன்படுத்தத் தெரியாதா? நன்றாகத் தெரியும். இராஜஸ்தானின் ஆதிவாசி இளைஞரான லிம்பா ராம் மூங்கில் வில்லோடு வளர்ந்தவர். இந்திய விளையாட்டு ஆணையத்தினர் 1987இல் அவரைத் தேர்ந்தெடுத்துப் பயிற்றினார்கள். அடுத்த ஆண்டே சியோல் ஒலிம்பிக்கிலே நின்றார். 1992இல் பீஜிங்கிலே 30 மீற்றர் போட்டியில் 360க்கு 357 புள்ளிகள் பெற்று உலக சாதனையைச் சமன் செய்தார். ஆகவே கண்ணிலே குறையில்லை, கையிலே குறையில்லை. மைதானத்துக்கு மைதானத்து வில், காட்டுக்குக் காட்டு வில்.

நமது இலக்கியத்தையும் ஒரு சொல்லிலே தொட்டுச் செல்கிறேன். புறநானூற்றிலே வன்பரணர் பாடிய வல்வில் ஓரி ஒரே கணையால் யானை, புலி, மான், பன்றி, உடும்பு என்ற ஐந்தையும் வீழ்த்தினான். ஐந்து விலங்குக்கும் ஓர் அம்பு. ஊசி ஒன்றும் இல்லை! புலவர் மிகைப்படுத்தினார் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். ஆனால் அந்த வரிசையின் கடைசியிலே புற்றருகே கிடக்கும் உடும்பைக் கொண்டுவந்து நிறுத்தியவர், காட்டை அறிந்தவராகவே எனக்குப் படுகிறார்.

மீண்டும் கதிரவெளிக்கு வருவோம். வில்லை முதலில் ஒதுக்கியது துவக்கு. அதற்குக் குறிபார்க்க முகப்பிலே ஒரு குமிழ் உண்டு. அணுகிச் செல்லும் கலைக்கு அதிலே அவ்வளவு வேலையில்லை. 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் வேட்டையைக் கட்டுப்படுத்தியது. சட்டம் வேண்டியதுதான், தோட்டக்காரத் துரைமார் யானைகளைக் கொன்று குவித்த கதையை அறிந்தவர் அதை மறுக்கமாட்டார். ஆயினும் விளையாட்டுக்குச் சுட்டவனையும் வயிற்றுக்கு எய்தவனையும் ஒரே தராசிலே வைத்தது அச்சட்டம் என்பதனையும் சொல்லவேண்டும். 1983இல் மாதுறு ஓயா தேசிய பூங்கா பிரகடனம் செய்யப்பட்டபோது உள்நாட்டு வேடர் தம் வேட்டைக்காட்டினின்றும் வெளியேற்றப்பட்டார்கள். தம்பானையை விட்டு நீங்க மறுத்த தலைவர் ஊருவரிகே திசாஹாமி 1998இல் மறைந்தார்.

கரையோர வேடருக்கு நேர்ந்தது வேறுவகை. குடிசன மதிப்பீட்டு எண்களைப் பாருங்கள். 1911இல் இலங்கை முழுவதிலும் வேடர் 5,332 பேர். 1946இல் 2,361. 1953இல் 803. 1963இல் 400. அதன்பின் வேடர் என்ற தனி நிரலே இல்லாமற் போயிற்று. ஏழே ஆண்டுகளில் இரண்டாயிரத்து முந்நூறு பேர் எண்ணூறாகக் குறைய அப்படி என்ன கொள்ளைநோய் வந்தது? எதுவும் வரவில்லை. தமிழ் பேசிய வேடர் தமிழராகவும் சிங்களம் பேசிய வேடர் சிங்களவராகவும் எழுதப்பட்டார்கள். ஆட்கள் இருந்தார்கள், எண்ணிக்கை குறைந்தது. இலக்குப் பலகையிலே அம்பு படவில்லை, ஆகவே வில்லாளனல்லன் என்று எழுதியவரின் கையும், படிவத்திலே கட்டமில்லை, ஆகவே வேடனல்லன் என்று எழுதியவரின் கையும் ஒன்றுபோலவே எனக்குத் தெரிகின்றன.

பிறகு போர். காட்டுக்குள் எந்த ஆயுதத்தோடும் எவரும் போகக்கூடாத காலம். 2004 டிசெம்பர் 26இல் கடல் வந்தது. 2006 நவம்பர் 8ஆம் திகதி கதிரவெளி விக்னேஸ்வரா வித்தியாலயத்திலே தஞ்சமடைந்திருந்த இடம்பெயர்ந்தோர் மீது எறிகணைகள் வீழ்ந்தன. 40க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதிகம் சொல்ல விருப்பமில்லை. மருமகன் அந்த ஊரை விட்டது அவ்வேளையிலேதான்.

2002ஆம் ஆண்டின் போர்நிறுத்த ஒப்பந்தத்துக்கு அடுத்த ஆண்டு, பத்திரிகை வேலையாக அப்பக்கம் சென்றிருந்தேன். வாகரைப் பிரதேசத்துச் சிறு கோவிலொன்றில் வேடர் சடங்கு நடந்து முடிந்திருந்தது. பந்தலோரத்திலே வில்லும் அம்பும் சாத்தி வைக்கப்பட்டிருந்தன. சடங்குக்கு மட்டும் எடுக்கும் வில் அது. எழுபது வயதைத் தாண்டிய ஒரு பெரியவர், இளமையிலே வேட்டைக்குப் போனவர், அருகிலே வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். பத்திரிகைக்காரனுக்கே உரிய அவசரத்தோடு, எவ்வளவு தூரத்திலிருந்து எய்வீர்கள் பெரியப்பா என்று கேட்டேன். எதிரே ஒரு மரம் நின்றது. அவர் எழுந்து அதை நோக்கி நடந்தார். சரி, இங்கேதான் நிற்பார் என்று நான் நினைத்த இடத்திலே நிற்கவில்லை. பிறகும் நடந்தார். மரத்துக்குப் பத்துக் காலடி இருக்கையில் நின்று திரும்பிப் பார்த்தார். நான் குறிப்பேட்டிலே 'பத்தடி' என்று எழுதிக்கொண்டேன். அது பிழை, பத்துக் காலடி என்று எழுதியிருக்கவேண்டும். தூரத்தை மட்டும் எழுதினேனே தவிர, அவர் நடந்த விதத்தை எழுதவில்லை என்பது இப்போது உறுத்துகிறது. எழுபது வயதில், சருகு நிறைந்த முற்றத்திலே, அந்தக் காலடிகளின் ஓசை எனக்குக் கேட்கவில்லை.

இனி மருமகனின் கேள்வி. இரண்டு வாரங்கழித்து நானே அவனை அழைத்தேன். எவ்வளவு தூரத்துக்குள் எய்யப்போகிறாய் என்று கேட்டேன். மரத்திலே மேடை கட்டிக் காத்திருப்பதாகவும், அடர்ந்த காடாகையால் 25 யாருக்கு அப்பால் பெரும்பாலும் தெரியாதென்றும் சொன்னான். அப்படியானால் ஒற்றை ஊசியே போதும் என்றேன். அவனுடைய வில் அம்பைச் செக்கனுக்கு 85 மீற்றர் வேகத்தில் அனுப்பும். ஊசியை 20 மீற்றருக்குப் பொருத்திவிட்டால், 25 மீற்றரில் நிற்கும் மானுக்கும் பிழை 8 சென்ரிமீற்றர்தான். சில்லைத் திருக வேண்டியதேயில்லை. ஆனால் 40 மீற்றரில் நிற்பதை 30 என்று எண்ணிவிட்டால் அதே வில்லிலும் அம்பு 27 சென்ரிமீற்றர் கீழே இறங்கும். எத்தனை ஊசி இருந்தாலும் அந்தப் பிழை பிழைதான். தூரமளக்க லேசர்க் கருவி இருக்கிறதே என்றான். அளந்து முடிக்கும்வரை மான் காத்திருந்தால் நல்லது என்றேன். திறந்த வயல்வெளியிலே வேட்டையாடுபவனுக்கு மூன்று ஊசி வேண்டியிருக்கலாம். அதை நான் மறுக்கவில்லை. காயம்பட்ட மானைத் தேடி இருட்டிலே அலையும் பாவம் மட்டும் வேண்டாம்.

கார்த்திகையில் மீண்டும் அழைத்தான். ஒற்றை ஊசியை வாங்கி, 20 யாருக்கு வைத்துப் பூட்டிவிட்டானாம். மூன்றாம் நாள் காலையில் நல்ல கலைமான் ஒன்று வந்து, நாற்பது யார் தொலைவிலே, அசையாமல் நெடுநேரம் நின்றதாம்.

"அஞ்சு ஊசி வச்சிருந்தா அடிச்சிருப்பன் மாமா. உங்கட கதையக் கேட்டு விட்டுட்டன்."

மரத்தை விட்டு இறங்கிக் கிட்டப் போயிருக்கலாமே என்றேன். அவன் சிரித்தான். இறங்கினால் ஓடிவிடும் என்றான். அவன் காலணியின் எடை எவ்வளவு என்று கேட்க நினைத்தேன். அதற்குள் தமக்கை தொலைபேசியை வாங்கி, வேறு கதை பேசத் தொடங்கிவிட்டார்.